விசைப்பலகையும் சுட்டெலியும்

சந்தையிலே பானை வாங்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் பானையின் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. அதனைக் கையில் எடுத்து, விரலை மடக்கி ஒருமுறை தட்டுகின்றாள். கணீரென்று ஒலித்தால் விலை பேசுகின்றாள். ஒலி மழுங்கினால் அடுத்த பானையை எடுக்கின்றாள். அடுப்பில் ஏற்றிய பின் விரிசல் தெரிந்தால் உலைநீரும் போகும், அரிசியும் போகும் என்பதனை அவள் அறிவாள். ஏர் செய்விக்கும் உழவனும் வைரம் பாய்ந்த மரமா என்று பார்த்தே தச்சனிடம் கொடுக்கின்றான். கருவியின் உள்ளுறுதியை அறிந்து கொள்ளுதல் நம் நாட்டில் பழைய வழக்கம்.

இக்காலத்து மாணவர்க்கு வாய்த்த கருவிகளுள் கணிப்பொறி தலையாயது. அதன்முன் அமர்ந்து கற்போர் உளர், கணக்கு எழுதுவோர் உளர், விளையாடுவோரும் உளர். விளையாடுவோர் கையில் இடையறாது இயங்குவன இரண்டு. இடக்கையின் கீழ் இருப்பது விசைப்பலகை. வலக்கையின் கீழ் இருப்பது சுட்டெலி. கடைத்தெருவில் இவற்றைக் கீபோர்டு எனவும் மவுஸ் எனவும் வழங்குவர். கணிப்பொறியின் மற்றை உறுப்புகள் பெட்டியினுள் மறைந்து தொழில் செய்ய, இவ்விரண்டுமே கைபட்டுத் தேய்கின்றன. ஆதலின் விரைவில் பழுதுறுவனவும் இவையே. விளையாட்டுக்குரிய பொழுது எவ்வளவு என்பது வேறொரு பாடம். குறைந்த பொருள் கொடுத்து, நெடுநாள் உழைக்கும் கருவியைத் தெரிந்து வாங்குவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் பேசப் புகுந்தது.

இதனை எழுதுமாறு என்னைத் தூண்டியது என் வீட்டில் நடந்த ஒரு செய்தி. என் மகளின் புதல்வன் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற காலத்தில், இரண்டு பொங்கல்களில் உற்றார் கொடுத்த காசைச் செலவிடாது சேர்த்து வைத்திருந்தான். அது 1,500 ரூபாய் ஆயிற்று. அவன் தாய், தையல் வேலையில் வந்த வருவாயிலிருந்து 300 ரூபாய் கூட்டிக் கொடுத்தாள். அத்தொகைக்கு அவன் ஒரு பெட்டி வாங்கி வந்தான். பெட்டியைத் திறந்தபோது விசைப்பலகையும் சுட்டெலியும் ஏழு நிறத்தில் ஒளிவிட்டன. தீபாவளி மத்தாப்புப் போல அவை மின்னுவதைக் கண்டு யானும் வியந்தேன். நான்காம் திங்களில் 'டபிள்யூ' என்னும் விசை அழுத்தினால் மீண்டு எழாது படுத்துக்கொண்டது. ஆட்டத்தில் முன்னோக்கி நடத்தற்குரிய விசை அது. சுட்டெலியோ, ஒருமுறை தட்டினால் இருமுறை தட்டியதாகக் கொள்ளத் தொடங்கிற்று. ஓராண்டு உறுதி என்று அச்சிட்ட தாள் பெட்டியில் இருந்தது. எவ்விடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்னும் முகவரிதான் அதில் இல்லை. விளக்குகள் மட்டும் அன்றும் குறைவின்றி எரிந்தன.

பையன் அழவில்லை. "அம்மாவிடம் சொல்ல வேண்டா, தாத்தா" என்றான். அச்சொல் என்னை வருத்திற்று. யானோ இலக்கணம் கற்றவன். எலியின் வயிற்றைத் திறந்து பார்த்துப் பழகியவன் அல்லன். எனினும் அன்றிரவு இருவரும் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். பழுதுற்றதைத் திறந்தால் மேலும் கெடுமோ என்னும் அச்சம் இல்லாமையால், துணிந்து திறந்தோம். அதன்பின் யான் பல நாள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே உரைக்கின்றேன்.

விசைப்பலகையின் மேலோட்டை நீக்கினால் உள்ளே தெரிவது பலகைதோறும் ஒன்றாய் இராது. மலிவான பலகையில் மெல்லிய தாள் போன்ற மூன்று பிளாஸ்டிக்கு ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மேல் ஏட்டிலும் கீழ் ஏட்டிலும் மின்சாரம் ஓடும் கோடுகள் பூசப்பட்டிருக்கும். நடு ஏட்டில் விசைக்கு ஒரு துளையாகத் துளைகள் இருக்கும். இவற்றின்மேல் ரப்பர்க் குமிழ்கள் நிற்கும். விசையை அழுத்துங்கால் குமிழ் அமுங்குகின்றது, மேல் ஏடு துளையின் வழியே கீழ் ஏட்டைத் தொடுகின்றது, எழுத்துப் பிறக்கின்றது. இதனை மெம்பிரேன் வகை என்பர். இதன் நலம் விலைக் குறைவும் ஓசைக் குறைவும் ஆகும். குறை யாதெனில், எல்லா விசைகளுக்கும் ஏடு ஒன்றே ஆதலால், ஓரிடத்தில் தேநீர் சிந்தி ஒரு கோடு அரிக்கப்பட்டால், அக்கோட்டைச் சார்ந்த விசைகள் பலவும் ஒருங்கே ஊமையாகிவிடும். நாள்பட நாள்பட ரப்பரும் தன் துள்ளலை இழக்கும்.

மற்றொரு வகை மெக்கானிக்கல் எனப்படும். இதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சிறு கூடு உண்டு. கூட்டினுள் ஒரு தண்டும், ஒரு சுருள்வில்லும், தொட்டு விலகும் இரண்டு உலோகத் தகடுகளும் உள்ளன. ஒன்று கெட்டால் அது மட்டுமே கெடும். மற்றவை தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கும். கெட்ட கூட்டினை நீக்கி வேறொன்று வைத்தலும் கூடும். சில பலகைகளில் ஈயப்பற்றை உருக்கி எடுத்தல் வேண்டும். வேறு சிலவற்றில் கூடு ஒரு குழியில் செருகப்பட்டிருக்கும். சிறு இடுக்கியால் பிடுங்கிப் புதியதைச் செருகிவிடலாம். வாங்கும்போதே இவ்வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுதல் நன்று. கடைக்காரர் இதனை 'ஹாட் ஸ்வாப்' என்று கூறுவர்.

இவ்வகைக் கூடுகளுள் பெயர் பெற்றது, செர்ரி என்னும் நிறுவனம் 1980-களில் ஜெர்மனி நாட்டில் உருவாக்கிய எம்.எக்ஸ். என்பது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீன நாட்டுத் தொழிற்சாலைகள் பலவும் அதே அமைப்பில் கூடுகளைச் செய்யத் தொடங்கின, விலையும் இறங்கிற்று. முன்பு செல்வர்க்கே உரியதாய் இருந்த மெக்கானிக்கல் பலகை இன்று எளியோரும் எண்ணிப் பார்க்கத்தக்க விலைக்கு வந்தமைக்கு இதுவே காரணம். கூட்டின் தண்டினை நிறத்தால் பிரித்துப் பேசுவர். சிவப்பு, தடையின்றி வழுவழுவென்று இறங்கும். பழுப்பு, நடுவில் ஒரு சிறு மேடு ஏறி இறங்கும். நீலம், 'டக்' என்று ஒலித்து இறங்கும். செர்ரியின் சிவப்பில், அடி வரை 4 மில்லிமீட்டர் இறங்கத்தக்க விசை 2 மில்லிமீட்டர் இறங்கியபோதே எழுத்தைத் தந்துவிடுகின்றது. விரைந்த ஆட்டங்களுக்குச் சிவப்பினையே பலரும் விரும்புவர். நீலம் தட்டச்சுப்பொறியின் ஓசையை நினைவூட்டுவது. உண்டபின் சற்றுக் கண்ணயரும் முதியோர் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது என்பதனை யான் பட்டறிந்து கூறுகின்றேன்.

உழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மெம்பிரேன் விசை 50 இலட்சம் முதல் 1 கோடி முறை வரை தாங்கும் என்றும், மெக்கானிக்கல் விசை 5 கோடி முறையும் அதற்கு மேலும் தாங்கும் என்றும் செய்வோர் கூறுகின்றனர். ஒருவன் ஒரே விசையை நாள்தோறும் 5,000 முறை அழுத்துகின்றான் என்று கொள்வோம். 1 கோடியை 5,000-ஆல் வகுத்தால் 2,000 நாள், ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு. 5 கோடியை வகுத்தால் 10,000 நாள், ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டு. ஆயின் இது செய்வோர் கூறும் கணக்கு. புழுதியும் வியர்வையும் இக்கணக்கில் சேரா. மேலும், விசை இருபத்தேழு ஆண்டு வாழினும் அதன் வடம் மூன்றாம் ஆண்டிலேயே அறுந்து போகலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'மாடல் எம்' என்னும் பலகையை இன்றும் எடுத்து ஆள்வோர் உளர் என்றால், அதன் வில்லும் ஓடும் வடமும் ஒருசேர உறுதியாய் இருந்தமையே காரணம்.

இங்கே ஒரு சொல்லைக் குறித்து எச்சரிக்கை செய்தல் என் கடமை. சில பெட்டிகளின்மேல் 'மெக்கானிக்கல் போன்ற உணர்வு' என்னும் பொருள்படப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பர். உவமை பயின்ற மாணவர்க்கு இதனை விளக்க வேண்டா. புலி போன்ற மறவன் புலி அல்லன். மதி போன்ற முகம் மதி அன்று. உவம உருபு வந்த இடத்தில் உவமை வேறு, பொருள் வேறு என்பது வெளிப்படை. அப்பெட்டியினுள் இருப்பது ரப்பர்க் குமிழே. என் பெயரன் வாங்கி வந்த பெட்டியின்மேலும் அத்தொடர் இருந்தது. வகுப்பில் உவமையணியைப் பல்லாண்டு நடத்திய யான், அன்று அதனைப் படித்தும் பொருட்படுத்தாது விட்டேன்.

விளையாட்டுக்கு வேண்டிய மற்றொரு தகுதி, பல விசைகளை ஒருங்கே அழுத்தினால் அவை அனைத்தையும் பலகை உணர்தல். கட்டுரை எழுதுவோன் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துகின்றான். விளையாடுவோன் முன்னே ஓடிக்கொண்டே, பக்கத்தில் விலகி, அந்நொடியிலேயே குதித்தலும் வேண்டும். ஆகவே மூன்று நான்கு விசைகள் ஒரே காலத்தில் தாழ்ந்திருக்கும். பலகையின் உள்ளே கோடுகள், வயலில் வரப்புகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வதுபோல, வரிசையும் நிரலுமாக அமைந்துள்ளன. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை அழுத்தினால், அழுத்தாத நான்காம் மூலையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். இப்பொய்த் தோற்றத்தைத் தவிர்க்க, மலிவான பலகைகள் மூன்றாம் விசையையே ஏற்க மறுத்துவிடும். விசைதோறும் ஒரு டயோடு வைத்த பலகையில் இத்தொல்லை இல்லை. விளையாட்டுக்கென்று செய்யப்படும் மெம்பிரேன் பலகைகளில், வேண்டிய சில விசைகளுக்கு மட்டும் கோடுகளை மாற்றி அமைத்து, 'இத்தனை விசைகள் மோதா' என்று பெட்டியில் எழுதியிருப்பர். அதுவும் போதுமானதே.

இதனைக் கடையிலேயே சோதிக்கலாம். கணிப்பொறியில் வெறும் எழுத்துப்பக்கம் ஒன்றைத் திறந்துகொள்க. 'ஷிப்டு' விசையையும் 'டபிள்யூ'வையும் அழுத்திப் பிடித்துக்கொண்டே, 'ஏ', 'டி', 'ஆர்' ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுக. தட்டிய எழுத்துத் திரையில் தோன்றின் நன்று; தோன்றாது விடுமாயின் அப்பலகை உங்கள் ஆட்டத்துக்கு ஆகாது. இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. கடைக்காரர் முகஞ்சுளித்தால் அதனைப் பொறுத்துக்கொள்க.

விசைத் தொப்பிகளைப் பற்றிச் சிறிது கூறி அப்பால் செல்வோம். ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்காலான தொப்பி, விரல் பட்டுப் பட்டு எண்ணெய் தேய்த்தாற்போலப் பளபளக்கும். பி.பி.டி. என்பது அவ்வளவு விரைவில் தேயாது. விலை சற்று மிகுதி. எழுத்தை மேலே மையால் பூசியிருந்தால் அது அழிந்துபோம். எழுத்தையே வேறு நிறப் பிளாஸ்டிக்கால் வார்த்துப் பதித்திருந்தால் தொப்பி உள்ளளவும் எழுத்தும் இருக்கும்.

இனிச் சுட்டெலிக்கு வருவோம். இதன் பிறப்பு வரலாறு சுவையுடையது. அமெரிக்க நாட்டில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பர்ட் என்னும் அறிஞர் இதனைக் கருதினார். அவர் துணைவர் பில் இங்கிலிஷ் என்பார் 1964-இல் இதனைச் செய்து முடித்தார். அம்முதல் எலி மரத்தால் ஆனது. அதன் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள் இருந்தன. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் அவையின்முன் எங்கல்பர்ட் அதனை இயக்கிக் காட்டினார். பிற்காலத்தில் சக்கரத்துக்கு மாறாக ஒரு பந்து உருண்டது. இன்றோ பந்தும் இல்லை. எலியின் வயிற்றில் ஒரு சிறு விளக்கும், ஒரு நுண்ணிய கண்ணும் உள்ளன. அக்கண் கீழே உள்ள பரப்பினை நொடிக்குப் பல்லாயிரம் முறை படம் பிடித்து, முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டு, எத்திசையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகின்றது.

இக்கண்ணைக் குறித்தே விற்போர் பெரும்பாலும் மயக்குரை பேசுவர். 'டி.பி.ஐ.' என்றோர் அளவு உண்டு. எலி ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் குறி எத்தனை புள்ளி நகரும் என்பதே அது. 1,920 புள்ளி அகலமுள்ள திரையில், அளவு 1,600 ஆயின், ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுதியாக நகர்த்தினாலே குறி ஒரு கோடியிலிருந்து மறுகோடி சென்றுவிடும். அளவு 12,800 என்றால், அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கும் வேண்டா. கை நடுங்கினாலே குறி திரையைக் கடந்தோடும். அத்துணை நுட்பமாகக் கையை அடக்கவல்லார் யார்? குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களில் தேர்ந்தவர் பெரும்பாலோர் 400 முதல் 1,600 வரையுள்ள அளவுகளையே ஆள்கின்றனர். ஆகவே பெரிய எண்ணுக்குப் பெரிய விலை கொடாதீர். கண்ணின் பெயர் யாது, அதனைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். பெயர் கூறத்தக்க கண்ணாயின் விற்போர் மறையாது கூறுவர்.

எலி தன் இருப்பிடத்தை நொடிக்கு எத்தனை முறை கணிப்பொறிக்கு அறிவிக்கின்றது என்பதும் ஓர் அளவே. அலுவலக எலிகள் பெரும்பாலும் 125 முறை அறிவிக்கும். அஃதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. விளையாட்டு எலிகள் 1,000 முறை, 1 மில்லிநொடிக்கு ஒருமுறை அறிவிக்கும். வீட்டில் உள்ள திரை நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றுவதாயின், ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லிநொடி செல்கின்றது. அத்திரையின்முன் 1,000-க்கு மேற்பட்ட எண்ணைத் தேடிப் பொருள் செலவிடுதல் வேண்டாத வேலை.

எலியின் வாழ்நாளை அளப்பது கண் அன்று; தட்டும் பொத்தானின் அடியில் உள்ள சிறு சுவிட்சே. அதனுள் ஒரு மெல்லிய செப்புத் தகடு வளைந்து நின்று, அழுத்துந்தோறும் துள்ளிக் குதித்து மற்றொரு முனையைத் தொடுகின்றது. தகடு தளர்ந்தாலும், தொடும் முனையில் களிம்பு ஏறினாலும், ஒரு தட்டு இரண்டாகத் தோன்றும். என் பெயரனுடைய எலிக்கு நேர்ந்தது இதுவே. எனவே வாங்கும் முன் ஓர் அடைவுக்குறியை மெல்ல ஐம்பது முறை தட்டிப் பாருங்கள். ஒருமுறையேனும் அது தானே திறந்துகொண்டால் அவ்வெலி வேண்டா. அடுத்து, வடம் எலியின் உடலை விட்டு வெளிவரும் இடத்தை நோக்குக. அவ்விடத்தே வளைவதற்கு நெகிழ்வான ஓர் உறை இருத்தல் வேண்டும். உள்ளே கம்பி அறுவது பெரும்பாலும் அவ்விடத்தேதான்.

நம் நாட்டு வெப்பத்துக்கென்று கூறத்தக்க ஒன்று உண்டு. சில எலிகளின் முதுகில் ரப்பர் போன்ற மெத்தென்ற பூச்சு இருக்கும். புதிதில் கைக்கு இனிதாகத்தான் தோன்றும். வியர்வையும் ஈரக்காற்றும் பட்டு, ஓரிரண்டாண்டில் அது பலாப்பால் போலப் பிசுபிசுக்கத் தொடங்கும். கடற்கரை ஊரார் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்க. வெறும் பிளாஸ்டிக்கு முதுகே நமக்கு ஏற்றது.

உருவமும் அளவும் அவரவர் கைக்கு ஏற்ப அமைதல் வேண்டும். உள்ளங்கை முழுதும் படிய வைத்துப் பிடிப்போர்க்குப் பெரிய எலியும், விரல் நுனியால் பிடிப்போர்க்குச் சிறிய எலியும் பொருந்தும். இடக்கை வழக்கமுடைய மாணவர், இருபுறமும் ஒத்த வடிவுடைய எலியைக் கேட்டு வாங்குக. கம்பியில்லா எலி காண்பதற்கு அழகியதே. குறைந்த விலையில் நீடித்த உழைப்பு வேண்டுவோர்க்குக் கம்பியுடையதே நல்லது. மின்கலம் மாற்றும் செலவும் இல்லை, ஆட்டத்தின் நடுவே உயிர்விடும் அச்சமும் இல்லை.

கையில் உள்ள தொகை சிறிதாயின் அதனை எவ்வாறு பகுப்பது? இவ்வினாவை என் பெயரன் கேட்டான். மறு ஆண்டுப் பொங்கல் வரை காத்திருந்து, யானும் சிறிது கூட்டிக் கொடுக்க, 1,600 ரூபாய் சேர்ந்தது. அத்தொகைக்கு மட்டமான மெக்கானிக்கல் பலகையும் மட்டமான எலியும் வாங்குவதினும், விளக்கில்லாத எளிய மெம்பிரேன் பலகையும் நல்ல எலியும் வாங்குதலே தக்கது என்று இருவரும் முடிவு செய்தோம். பலகையின் குறையை விரல் ஓரளவு பழகிக்கொள்ளும். தடுமாறும் எலிக்கு எந்தக் கையும் பழகாது. பழுதுபார்க்கும் நிலையம் எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு நிறுவனத்தின் பொருளாகத் தேடினோம். மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். மூன்றாம் கடையில் பையன் ஐம்பது முறை தட்டி முடிக்கும் வரை கடைக்காரர் பொறுமையாக நின்றார். பலகைக்கு 600 ரூபாயும் எலிக்கு 950 ரூபாயும் ஆயின. கடை முத்திரையும் நாளும் இட்ட விலைச்சீட்டைக் கேட்டு வாங்கினோம். எஞ்சிய 50 ரூபாய்க்கு ஒரு தூரிகை வாங்கினான்.

அத்தூரிகையால் ஞாயிறுதோறும் பலகையின் இடுக்குகளைத் துடைப்பான். தின்பண்டத்தை அதன் அருகே கொண்டுவர அவன் தங்கையையும் விடுவதில்லை, எறும்பு புகுந்துவிடுமாம். வேலை முடிந்ததும் வடத்தை எலியின்மேல் இறுக்கிச் சுற்றாது, தளர்ந்த வளையமாக விட்டு வைப்பான்.

மூன்றாம் ஆண்டில் எலியின் இடப்பொத்தான் மீண்டும் இருமுறை தட்டத் தொடங்கிற்று. உறுதிக்காலம் முடிந்திருந்தது. அவன் புதியது கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகே வானொலியும் கைப்பேசியும் பழுதுபார்க்கும் ஒருவரிடம் அதனை எடுத்துச் சென்றான். அவர் அரை மணியில் பழைய சுவிட்சை உருக்கி எடுத்துப் புதியது வைத்துக் கொடுத்து, 80 ரூபாய் பெற்றுக்கொண்டார். பையன் அங்கேயே நின்று, அதனை ஐம்பது முறை தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.